நகையும் வெகுளியும்

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி டார்க் நைட்’ திரைப்படத்தில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜரையே திறனாய்வாளர் பெரிதும் போற்றினர். படம் வெளிவருமுன்னரே மறைந்த அவருக்கு 2009இல் ஆஸ்கார் விருதும் வழங்கப்பெற்றது. பேட்மேனாக நடித்த கிறிஸ்டியன் பேலின் கரகரத்த குரலோ எள்ளி நகையாடப்பட்டது. இம்மதிப்பீடு முற்றும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

லெட்ஜருக்கு முகம் முழுதும் கருவி; நாவால் இதழைத் துழாவுதலும் ஏறியிறங்கும் குரலும் அவர்க்குத் துணை. பேலுக்கு முகமூடி விட்டுவைத்தவை கண்களும் வாயும் மோவாயுமே.

விசாரணைக் காட்சியை நோக்குக. பேட்மேன் அடிக்க அடிக்க ஜோக்கர் நகைக்கின்றான். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் இஃது எள்ளலின்பாற்படும். எனினும் காண்பார்க்கு விளைவது அச்சமே. அஃது எதனால்? ஓங்கிய கை பயனின்றித் தாழ்வதனால். வெகுளி இயலாமையாகத் திரிவதைப் பேல் இறுகிய வாயாலும் உடைந்த குரலாலுமே புலப்படுத்துகின்றார். அவ்வெகுளி மெய்யாகத் தோன்றாவிடின் அந்நகை வெறுங்கோமாளிக் கூத்தாய் முடியும்.

லெட்ஜரின் நடிப்பே விஞ்சியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்வெற்றியில் ஒரு கூறு பேலுக்கும் உரியது என்க.