பண்ணைப்புரத்துப் பரோக்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்ததிலிருந்து ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. இளையராஜா இப்போதுதான் உலக இசையின் உச்சியைத் தொட்டாராம். தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லட்டும், அது அவர்கள் பிழைப்பு. மதுரையின் இலக்கியக் கூட்டங்களிலும் இதையே ஒப்பிக்கிறார்கள். சிம்பொனிதான் கோபுரக் கலசம், அதற்கு முந்தியதெல்லாம் படிக்கட்டு என்ற பள்ளிக்கூட நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. என் கணக்கு வேறு. அவருடைய உச்சம் 1978க்கும் 1988க்கும் நடுவே, நாலரை நிமிடத் திரைப்பாடல்களுக்குள் நடந்து முடிந்துவிட்டது. அந்த உச்சத்தை அளக்கச் சிம்பொனி உதவாது. பரோக் இசைதான் உதவும்.

பரோக் என்றால் ஐரோப்பிய இசையில் ஏறத்தாழ 1600 முதல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இறந்த 1750 வரையிலான காலம். மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ ஓபரா 1607இல் அரங்கேறியது. அதற்கு முந்திய ஆண்டுதான் இத்தாலியப் பாதிரியார் நொபிலி மதுரைக்கு வந்தார். அவர் இங்கே விட்டுச்சென்றது உரைநடையும் வாதமும். வீரமாமுனிவர் பரோக் இசையமைப்பாளர் விவால்டிக்கு இரண்டு வயது இளையவர்; நமக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும் கிடைத்தன, கன்செர்ட்டோ கிடைக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு படித்தது ஹாலேயில், அதாவது ஹேண்டல் பிறந்த ஊரில். பாக் நான்கு குரலுக்கு விரித்தெழுதிய அதே லுத்தரன் துதிப்பாடல்கள் தமிழில் ஞானப்பாட்டுகளாயின. ஆனால் தமிழ்ச் சபைகளின் மனதில் நின்றது மேல்மெட்டுதான்; கீழ்க்குரல்கள் நம் இசையின் பொதுப்புழக்கத்துக்கு வரவில்லை. பிறகு வயலின் வந்தது. பாலுசுவாமி தீட்சிதர் கையில் அது கர்நாடக வாத்தியமாகி, வாய்ப்பாட்டின் நிழலாகப் பின்னால் நடந்தது. சினிமாவில் சலில் சௌத்ரி மொசார்ட்டின் மெட்டை எடுத்தாண்டார். விஸ்வநாதன் – ராமமூர்த்தி ‘புதிய பறவை’யில் வாத்தியங்களைக் குவித்தார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் மேற்கு அங்கே வண்ணமாக வந்தது, எலும்பாக வரவில்லை.

எலும்பு என்றால் என்ன? பரோக் இசையில் மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு பேஸ் வரி. இந்த இரண்டுக்கும்தான் உயிர். நடுவில் இருப்பதை ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் பேஸுக்குக் கீழே எழுதிய எண்களைப் பார்த்துக் கச்சேரியிலேயே நிரப்பிக்கொள்வார். இதற்குப் பாஸ்ஸோ கன்டினுவோ என்று பெயர். பக்கவாத்தியக்காரரின் மனோதர்மம் தெரிந்த நமக்கு இது அந்நியமே அல்ல. விவால்டியின் ரிட்டோர்னெல்லோ வடிவத்தில் குழு வாசிக்கும் பகுதி திரும்பத் திரும்ப வர, நடுநடுவே தனி வாத்தியம் உலாப் போகும். பல்லவிக்குத் திரும்பிப் பழகிய காது அங்கே தடுமாறாது. இன்வென்ஷனிலும் ஃபியூக்கிலும் ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் பிடித்துக்கொண்டு தன் வழியில் போகும். கவுண்டர்பாயிண்ட் என்பது இந்த நடைக்குப் பொதுப்பெயர்.

19ஆம் நூற்றாண்டுச் சிம்பொனியின் வழி வேறு. அங்கே பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் சுரக்கோர்வைகள் அடுக்கடுக்காக நகர்ந்து, ஆதாரத்தை இடம் மாற்றி, நாடகம் உண்டாக்குகின்றன. ராகத்துக்கு இது ஆபத்து. மோகனத்தின் கீழே கோர்வையை மாற்றிக்கொண்டே போய்ப் பாருங்கள். காது ரிஷபத்தை ஆதாரமாகப் பிடித்துவிட்டால் மத்தியமாவதி எட்டிப்பார்க்கும். கிரகபேதம் பாடுகிறவர் வேண்டுமென்றே செய்வதை, கோர்வை கேட்காமலே செய்துவிடும். இரண்டு வரிகள் ஒரே ராகத்துக்குள் தனித்தனியே நடந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். ராகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே பாலம் போட வேண்டிய இடம் பரோக்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர், சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றார். தன்ராஜ் மாஸ்டரைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதிய பக்கங்களை விரல்விட்டு எண்ணலாம். ‘ராஜா’ என்று பெயர் வைத்தவர் என்ற துணுக்கோடு அவரை முடித்துவிடுகிறார்கள். மெட்டு மட்டுமே இசை என்றிருந்த சினிமாவுக்குள், மெட்டுக்குக் கீழேயும் எழுத வேண்டும் என்ற பாடம் புகுந்ததில் அந்த ஆசிரியருக்குப் பெரும்பங்கு உண்டு.

‘சிட்டுக்குருவி’யில் (1978) ‘என் கண்மணி’ பாட்டைக் கேளுங்கள். ஒரு குரல் தன் வரியை முடிப்பதற்குள் இன்னொரு குரல் தன் சொல்லோடு நுழைந்துவிடுகிறது. இரண்டும் மோதவில்லை. ‘பகல் நிலவு’ படத்தில் (1985) ‘பூ மாலையே’ இன்னும் துணிச்சலானது. ஜானகியும் இளையராஜாவும் வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். எதைத் தொடர்வது என்று கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடியில் பேஸ் கிட்டார் தனி மெட்டாக ஓடுகிறது.

மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் இதை முழுதாகக் கேட்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. ‘அன்னக்கிளி’ (1976) காலத்தில் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் கல்யாண வீட்டுப் பந்தலில் கட்டியது குழாய் ஒலிபெருக்கி. அது மேல்ஸ்தாயியை ஊர் தாண்டி எறியும். தாழ்ந்த சுரங்களைத் தொண்டையிலேயே விழுங்கிவிடும். மெட்டு கேட்டது, பேஸ் கேட்கவில்லை. கேசட்டும், தனியார் பேருந்துகளில் மாட்டிய ஸ்டீரியோ பெட்டிகளும் வந்த பிறகுதான் இந்தச் சமவெளிக்குக் கீழ்வரி வந்து சேர்ந்தது. தேனிப் பேருந்தில் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இளையராஜாவை ‘கிராமிய இசையமைப்பாளர்’ என்று முத்திரை குத்திய அந்தக்கால விமர்சகர்கள் பலர் குழாயில் மட்டும் கேட்டவர்களோ என்று எனக்கு ஐயமுண்டு.

1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் முதுகெலும்பு. அறிவாளிகள் கொண்டாடும் தொகுப்பு. எனக்கு முழு உடன்பாடு இல்லை. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பகுதியில் பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டா முகப்பின் மேல் கர்நாடக வயலின் நடக்கிறது. கேட்க இனிமைதான், ஆனால் விருந்தாளியை நாற்காலியில் உட்காரவைத்து மரியாதை செய்கிற இனிமை. ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ அப்படியல்ல, அங்கே ஃபியூக்கின் விதி கைக்குள் வந்து வேலை செய்கிறது. திரைப்பாடல்களில் பாக்கின் பெயரே இல்லை, அவருடைய முறை இருக்கிறது. அதனால் அவை மேல்.

பிறகு 2005இல் ‘திருவாசகம்’. புடாபெஸ்ட் இசைக்குழு, கூட்டுக்குரல், தனிக்குரல், சமயப் பொருள், நடிப்பும் அரங்கமைப்பும் இல்லாத விரிந்த படைப்பு. இந்த வடிவத்துக்குப் பெயர் ஆரட்டோரியோ. ஹேண்டல் 1742இல் டப்ளினில் ‘மெசையா’வை அரங்கேற்றியது இதில்தான். நாமோ அதைச் சிம்பொனி என்று விற்றோம், சிம்பொனி என்றே வாங்கினோம். திருவாதவூர்க்காரரின் பாட்டைப் பண்ணைப்புரத்துக்காரர் பரோக் வடிவத்தில் வைத்தார் என்று பரவலாக எழுதப்படவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

சிம்பொனியைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. பாக் இன்றைய பொருளில் ஒரு சிம்பொனிகூட எழுதவில்லை. அடுத்த தலைமுறை அவரைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்கியது, 1829இல் மெண்டல்சன் ‘மத்தேயு பாடுகளை’ மறுபடி அரங்கேற்ற வேண்டியிருந்தது. நாமும் அதே அவசரத்தில் இருக்கிறோம். இன்று நம் இளம் இசையமைப்பாளர்கள் நான்கு கோர்வைகளைச் சுழலவிட்டு, மேலே ஒரு முனகலைப் போட்டுப் பாட்டு என்கிறார்கள். அவர்களுக்கு லண்டன் அரங்கத்தைக் காட்டிப் பயனில்லை, இரண்டு வரி எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1978 – 88 காலத்துப் பாடல்களின் முழு இசைக்குறிப்புகள், பேஸ் வரியும் வயலின் வரிகளும் உட்பட, அச்சில் வரட்டும். மதுரை அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு மாணவர்கள் மோகனத்தில் ஒரு இரட்டைவரி எழுதித் தேர்வாகட்டும். இளையராஜாவுக்கு மதுரை செய்ய வேண்டிய விழா இதுதான்.