லண்டன் ஹோஸும் சண்டிலிப்பாய்க் காரும்

மச்சான் லண்டனிலிருந்து வந்து சூட்கேசைத் திறந்தபோது, சொக்கலேற் பெட்டிகளுக்கு நடுவில் மூன்று பிறேக் ஹோஸ் இருந்தன. துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைப் பாம்புச் செதிள்போலப் பின்னிச் செய்தவை. பெரியப்பா விட்டுப்போன மொறிஸ் மைனருக்கென்றே தேடி வாங்கியிருந்தார். அந்தக் காருக்கு ஹோஸ் மூன்றே மூன்றுதான்: முன்சில்லுகளுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்கு ஒன்று. "அரைநாள் வேலை, நாங்களே வீட்டிலை போட்டிடலாம்" என்றார். வேலை இரண்டு மாதம் இழுத்தது. முடிந்தபோது அந்த மூன்று ஹோஸும் காரில் இல்லை.

வீட்டு மாமரத்தின் கீழ் காரைக் கழற்றிப் பூட்டுவது எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் யாருக்கும் புதினமில்லை. 1990க்குப் பிறகு போரில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் சில துளி பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் என்பது இன்னொரு செத்த காரிலிருந்து வருவதுதான். அந்தக் கெட்டித்தனத்தை எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஆனால் அதே காலம் ஒரு பழக்கத்தையும் விட்டுப்போனது. பெரியப்பாவின் காரில் பின் இடது சில்லுக்குப் போகும் பிறேக் லைன் ஒருமுறை ஒழுகத் தொடங்கியது. வந்த மெக்கானிக் லைனை அறுத்து, முனையை மடித்து, சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கிவிட்டுப் போனார். மிச்சம் மூன்று சில்லும் பிடித்தன. கார் வருசக்கணக்காக அப்படியே ஓடியது. அதை யாரும் ஆபத்து என்று நினைக்கவில்லை. றோட்டிலிருந்த குழிகள் காரை வேகமெடுக்க விட்டால்தானே.

இன்று மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய் தாண்டிச் சங்கானைப் பக்கம் போகிற வீதியில் பஸ்சும் மோட்டார் சைக்கிளும் பறக்கின்றன. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசத்தில் பழைய காருக்கு வயதும் கூடியது, விலையும் கூடியது. ஆகவே பிறேக்கைத் தானே புதுப்பிக்க ஒருவர் இறங்குவதில் நியாயம் உண்டு. எதைப் புதுப்பிப்பது என்பதில்தான் சறுக்குகிறோம். கைக்கு வந்த பளபளப்பானது எதுவோ, அதுவே தேவையானது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

கம்பி பின்னிய ஹோஸ் என்ன செய்யும்? பெடலை மிதித்ததும் உள்ளே ஒயிலின் அழுத்தம் ஏறுகிறது. றப்பர் ஹோஸ் அந்த அழுத்தத்தில் மயிரிழை அளவு ஊதும். ஊதுகிற அளவு பெடல் வீணாக இறங்கும். கம்பிப் பின்னல் ஊத விடாது. பெடல் கல்போல நிற்கும். பந்தயக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இது பெரிய பேறு. ஆனால் கார் எத்தனை அடிக்குள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கடைசியில் ரயரும் றோட்டும் ஒன்றையொன்று பிடிக்கிற பிடி. அதை எந்த ஹோஸும் கூட்டாது. மைனரில் நான்கு சில்லிலும் டிரம் பிறேக். அதில் பெடல் ஆழமாகவோ பஞ்சுபோலவோ இறங்கினால், பெரும்பாலும் உள்ளே சப்பாத்துக் கட்டைகள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், அல்லது லைனுக்குள் காற்று நிற்கும். இரண்டுக்கும் மருந்து ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும். லண்டன் தேவையில்லை.

பின்னலுக்குக் குறையும் உண்டு. றப்பர் ஹோஸ் வெடித்தால், புடைத்தால், நகத்தால் அமத்திப் பார்த்தே அறியலாம். கம்பி உறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பின்னலில் மண் புகுந்தால் அரம்போல உள்ளே அராவும். பக்கத்தில் தொடுகிற எதையும் வெளியே அராவும். இன்னும் முக்கியமானது, பின்னல் உலோக முனைக்குள் நுழைகிற இடம். சில்லு ஏறி இறங்கி, இடம் வலம் திரும்பும்போது வளைவு முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியில் விழும். அமெரிக்கத் தரவிதி பிறேக் ஹோஸைச் சதுர அங்குலத்துக்கு 4,000 இறாத்தல் அழுத்தத்தில் இரண்டு நிமிடம் தாங்கச் சொல்கிறது. அது போதாதென்று, இயந்திரத்தில் பூட்டி 35 மணி நேரம் சுழற்றியும் சோதிக்கச் சொல்கிறது. அந்தச் சுழற்சியில் தேறிய ஹோஸில் தரக்குறி பதிந்திருக்கும். மச்சானின் மூன்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் இல்லை. நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதில் தொங்கவிடக்கூடாதவற்றில் பிறேக்கும் ஒன்று.

உண்மையான நோய் கீழே கிடந்தது. காரை ஜக்கில் ஏற்றி, மரக்குற்றி வைத்து, சாக்கு விரித்துப் படுத்தேன். இப்படிப் படுப்பவர் ஜக்கை மட்டும் நம்பக்கூடாது, அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பின் அச்சுக்குப் போகிற உருக்கு லைனில் செம்மண் பூசினதுபோல் ஒட்டியிருந்தது. வலிகாமத்து மண் மாரி ஈரத்தைப் பிடித்தால் இலகுவில் விடாது. கடற்காற்றின் உப்பும் அதோடு சேரும். லைனைக் காரோடு பிடித்திருக்கும் தகர கிளிப்பை நெம்பி, அதன் அடியைக் கத்தி முனையால் சுரண்டினேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. 3/16 அங்குலக் குழாய் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியவே மெலிந்திருந்தது. மைனரின் பிறேக் ஒற்றைச் சுற்று. அதாவது, ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் நான்கு சில்லும் ஒரே நேரத்தில் கைவிடும். அமெரிக்காவில் 1968இலிருந்து புதுக் கார்களில் பிறேக்கை இரண்டு சுற்றாகப் பிரித்தே ஆகவேண்டும் என்று வந்தது. பெரியப்பாவின் கார் அதற்கு முந்தியது. இந்த லைனை விட்டுவிட்டு உறுதியான ஹோஸைப் போட்டிருந்தால், மூன்று இடத்தில் பெலப்படுத்தி, விழப்போகிற இடத்தை அப்படியே விட்டிருப்போம்.

லைனை மாற்ற ஊரில் கிடைக்கிற சுலப வழி, குளிர்சாதனப்பெட்டி திருத்துகிறவரிடம் வாங்கும் செப்புக் குழாய். கையாலேயே வளைக்கலாம், துரு ஏறாது, விலையும் குறைவு. நானும் ஒரு முழம் வாங்கி வளைத்துப் பார்த்து ஆசைப்பட்டவன்தான். ஆனால் தனிச் செம்பு அதிர அதிர இறுகும், இறுகினது ஒருநாள் வெடிக்கும். வெடிப்பு முனையோரத்தில், நட்டுக்குள் மறைந்து விழும். செம்போடு பத்துக்கு ஒரு பங்கு நிக்கல் கலந்த குழாய் வேறு சாதி. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்க்குப் பயன்படும் கலவை அது. வொல்வோ 1976இலிருந்து அதைப் பிறேக் லைனுக்குப் போட்டது. உப்புக்காற்று ஊருக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. மச்சானுக்கே போன் எடுத்து, 25 அடிச் சுருள் ஒன்றும் சாதாரண றப்பர் ஹோஸ் மூன்றும் அனுப்பச் சொன்னேன். "உது என்ன, பழைய சாமானையே திரும்பக் கேக்கிறியள்" என்று அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

வீட்டு வேலையின் தராதரம் தெரிகிற இடம் குழாயின் முனை. குழாயை நேராக வெட்டி, பிசிறை அராவி, நட்டை முதலிலேயே கோர்த்துக்கொண்டு (மறக்காதவர் எவர்?) கருவியில் பிடித்து முனையை விரிக்கவேண்டும். ஒருமுறை விரித்த விளிம்பை மறுபடி உள்ளே மடிக்கிற வகை ஒன்று. சின்னக் குமிழ்போல முன்தள்ளுகிற வகை இன்னொன்று. போய் உட்காருகிற இருக்கையின் வடிவம் எதுவோ, முனையும் அதுவாக இருக்கவேண்டும். மாறினால், எவ்வளவு முறுக்கினாலும் கசியும். முறுக்க முறுக்க இருக்கையும் பழுதாகும். முதல் ஐந்து முனையை நான் எறிந்தேன். ஆறாவதுதான் சுற்றிவர ஒரே தடிப்பில் வந்தது.

நட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய ஆங்கிலக் கார்களில் அங்குலக் கணக்கு: 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. யப்பான் காரில் 10 மில்லிமீற்றர், புரிக்குப் புரி ஒரு மில்லிமீற்றர். மைனரின் நட்டை யப்பான் சிலிண்டரில் பூட்டினால் அது உள்ளே போகும், இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் புரியின் ஓரத்தை மட்டுமே கவ்வியிருக்கும். வீட்டு வாசலில் மெதுவாக மிதித்துப் பார்க்கையில் அது தாங்கும். சந்தியில் திடீரென்று முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான் கழன்று வரும். கிடைத்த காரிலிருந்து கிடைத்ததைப் பூட்டி வளர்ந்த எங்கள் கைக்கு இது மிகவும் பொருந்திய பொறி.

சப்பையாக்கியிருந்த பின் இடது லைனையும் மாற்றியபின், காற்று எடுக்கப் பக்கத்து வீட்டுப் பொடியன் வந்தான். நான் சீற்றில், அவன் பின் இடது சில்லடியில், நிப்பிளில் மாட்டின குழாயைச் சோடாப் போத்தலுக்குள் விட்டபடி. "அண்ணை, அமத்துங்கோ... பிடியுங்கோ... இப்ப விடாதேங்கோ." போத்தலுக்குள் குமிழ் குமிழாக வந்தது. மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்கி, கிட்ட உள்ளதில் முடித்தோம். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலை அடிவரை அமத்தினால், ஒருநாளும் போகாத சொரசொரப்பான இடத்தில் றப்பர் உரசிக் கிழியும். இதை எனக்குச் சொல்லித்தந்தது, அப்படிக் கிழித்துக்கொண்ட ஒரு கராச்காரர். மிஞ்சின அரைத் தகரம் ஒயிலைப் பொடியன் தட்டில் எடுத்து வைக்கப் போனான். வேண்டாம் என்றேன். டொட் 4 புதிதில் 230 பாகை வரை கொதிக்காது என்பது தரம். ஈரத்தைக் குடித்தபின் 155 தாண்டினாலே போதும். திறந்த தகரம் எங்கள் காற்றில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கினதை ஊற்றிவிட யாழ்ப்பாணத்தானுக்கு வயிறு எரியும்தான்.

கராச் இதைவிட நன்றாகச் செய்திருக்குமா? சந்தேகம். ஆறாவது முனைக்காக ஐந்தை எறிய அங்கே யாருக்கும் நேரமில்லை. தன் பிள்ளை ஏறப்போகிற கார் என்ற பயம் கொடுக்கிற கவனத்தைக் கூலி கொடுத்து வாங்க முடியாது. ஆனால் வீட்டுக்காரன் தன் பிழையைத் தானே காணமாட்டான். எங்கள் முறையில் அதைக் காண இன்னொருவரும் இல்லை. 2008இல் தொடங்கிய புகைச் சோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. லொறிக்கும் பஸ்சுக்கும் தகுதிச் சான்று கேட்பார்கள். வீட்டுக் காரின் பிறேக்கை மட்டும் வருசத்துக்கு ஒருமுறை குனிந்து பார்க்க ஒருவரும் இல்லை. ஆகவே எல்லாம் முடிந்தபின், முப்பது வருசம் லொறி ஓடின அயலவர் ஒருவரைக் கூப்பிட்டு, நட்டு நட்டாகக் கை வைக்கச் சொன்னேன். பின் அச்சில் ஒரு நட்டைத் தொட்டுவிட்டு விரலை மோந்தார். "இது ஈரம், தம்பி." துடைத்து, இன்னும் கொஞ்சம் இறுக்கி, ராவு ராவாகப் பேப்பர் விரித்துப் பார்த்தோம். மூன்றாம் நாள்தான் பேப்பர் காய்ந்து கிடந்தது.

மச்சானின் ஹோஸ் மூன்றும் கொட்டில் ஆணியில் தொங்குகின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் முதல் வேலையாகக் காருக்குக் கீழே குனிந்து பார்ப்பார்.