மெழுகும் வண்டலும்

பாபநாசத்தில் கும்பகோணம் பாசஞ்சர் ஏறினால் அடுத்தது சுந்தரப்பெருமாள்கோயில், அதற்கடுத்தது சுவாமிமலை. வண்டியிலிருந்து இறங்கும் கூட்டம் அறுபது படி ஏறி முருகனைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. படிக்குக் கீழே, தெருவுக்குத் தெரு ஸ்தபதிகளின் பட்டறைகள். சிலை பார்க்க வருகிறவர்களும் நேரே மெருகு போட்டு முடித்த நடராஜர் முன்னால் போய் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது மெழுகு.

அதற்கும் முன்னால் ஓலை. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாலம் என்னும் அளவுக் கணக்குப்படி மடித்து மடித்துத் தடம் பதிக்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தச தாலம், அதாவது மொத்த உயரம் 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தச தாலம், 120. எட்டு அங்குலச் சிலையானாலும் எட்டடிச் சிலையானாலும் ஓலையின் நீளந்தான் மாறும், பங்கு மாறாது. முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று சாத்திரம் கட்டிப்போட்ட பிறகும் ஒரு ஸ்தபதியின் அம்மன் சிரிப்பதும் இன்னொருவர் அம்மன் வெறுமனே நிற்பதும் ஏன் என்பது மெழுகைப் பார்த்தால்தான் பிடிபடும்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவை அது. சூடு காட்டினால் இளகும், தண்ணீரில் போட்டால் இறுகும். தலை, உடல், கை, கால் எல்லாம் தனித்தனியே பிடித்து, காய்ச்சிய கம்பியால் உருக்கி ஒட்டுவார்கள். ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் அபய கரத்துக்கு விரல் செய்துகொண்டிருந்தார். மெழுகைத் திரியாக உருட்டி, கணுவைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, கம்பி நுனியால் நகம் கீறினார். நான்கு விரலும் அழகாகவே இருந்தன. "குச்சி மாதிரி நிக்குது" என்று மோதிர விரலை மட்டும் பிய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி உருட்டினார். இரண்டாவது விரல் நெல் அளவு உள்பக்கம் சாய்ந்தது. கை உடனே உயிர் பெற்றது. அந்தச் சாய்வுக்கு ஓலையில் கணக்கு கிடையாது.

பிறகு மண். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிகள் இந்தக் காவிரி வண்டலுக்காகவே இங்கே தங்கிவிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. முதல் பூச்சில் மாவாகச் சலித்த வண்டல், அவ்வளவு மெலிதாக. அதை நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் உள்ளே மெழுகு இளகிவிடும். மெழுகில் ஒரு ரேகை பதிந்திருந்தால்கூட இந்த மண் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் வயல் களிமண், அதன்மேல் மணல் கலந்த மண், சுற்றிலும் இரும்புக் கம்பி. வறட்டி நெருப்பில் சுட மெழுகு ஓடிவிடும். குழியில் புதைத்து, மெழுகு இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஒரு கிலோ மெழுகுக்கு எட்டிலிருந்து பத்து கிலோ உலோகம் பிடிக்கும். பெரும்பங்கு செம்பு. ஊற்று நடுவில் நிற்கக் கூடாது, கருவில், அதாவது மண் அச்சில், ஈரம் இருக்கக் கூடாது. ஆறிய பின் கருவை உடைத்தாக வேண்டும் என்பதால், ஒரு கருவுக்கு ஒரே சிலை.

2023-இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் நிறுத்திய நடராஜர் இந்த ஊர்ச் சிலைதான். ராதாகிருஷ்ண ஸ்தபதியும் அவர் சகோதரர்களும் வார்த்தது. 27 அடி, 18 டன். பெருமைதான். ஆனாலும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய சிலையிடம்தான் என் மனம் போகிறது. திருப்பிப் பார்ப்பது முக்கியம். கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். முதுகுத்தண்டின் பள்ளம், தோளில் புரளும் சடை, தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், அரைஞாண் முடிச்சு என்று எல்லாவற்றிலும் முகத்தில் செலவிட்ட அதே சிரத்தை இருந்தால் நல்ல கை. பழசு போலத் தெரியட்டும் என்று ரசாயனம் பூசிப் பச்சை ஏற்றிய சிலைகளை எனக்குப் பிடிப்பதில்லை. உளி போன தடம் அதில் மறைந்துவிடுகிறது.

இதே வண்டல் வளர்க்கும் வெற்றிலையைப் பார்க்கவும் அதே பாசஞ்சர் வண்டி போதும். திரும்பும் வழியில் பாபநாசத்தைத் தாண்டினால் பண்டாரவாடை, ஐயம்பேட்டை. பக்கத்திலேயே ராஜகிரி. இந்தப் பக்கமெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். எகிப்தில் அஸ்வான் பேரணை 1970-இல் முடிந்தபின் நைலின் வண்டல் அணைக்குள்ளேயே தங்கிப்போனது. மேட்டூர் 1934-இல் வந்தபின் காவிரி வண்டலிலும் ஒரு பங்கு அங்கே நின்றுவிடுகிறது. ஸ்தபதியும் கொடிக்கால்காரரும் நம்பியிருப்பது மிச்சம் வந்து சேர்ந்ததையும் முன்னோர் காலத்தில் படிந்ததையும்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடிக்காலுக்குள் போங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பச்சை நிழல். முதலில் அகத்தியை வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றி, வாழைநாரால் கட்டுகிறார்கள். கட்டு இறுகினால் தண்டு நசுங்கும், தளர்ந்தால் கொடி சரியும். வெயில் கூடுதலாக வேண்டுமென்றால் அகத்தியின் தலையைக் கழிப்பார்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. ஆண்டுக்கொரு முறை கொடியை இறக்கி, தண்டைச் சுருட்டி மண்ணில் பதித்து, நுனியை மறுபடி ஏற்றுவார்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவாமிமலைச் சிலைகளுக்கு அது முன்பே வந்துவிட்டது.

கவுளி நூறு இலை. வாங்கும்போது மேல் இலையை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்து ஒன்றை உருவி, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவாமல் மென்று பாருங்கள். நல்ல இலை நாக்கில் நார் தட்டாது. காரம் மெதுவாக ஏறி, தொண்டைக்குப் போகும்முன் அடங்கிவிடும்.