பெண் எழுத்தாளரும் தனிப் பத்தியும்

தமிழ் நாவலின் வளர்ச்சி குறித்துச் சங்க மேடைகளில் நிகழும் சொற்பொழிவுகளை உற்றுக் கேட்போமாயின் ஒரு வழக்கம் புலப்படும். வேதநாயகம் பிள்ளை தொடங்கி ஜெயகாந்தன் ஈறாக ஒவ்வொருவரையும் தனித்தனியே எடைபோட்ட பேச்சாளர், இறுதியில் கடிகாரத்தை நோக்கிவிட்டு, பெண் எழுத்தாளரும் சிறப்பாகப் பங்காற்றியுள்ளனர் என்று நான்கு பெயர்களை ஒரே மூச்சில் உரைத்து அமர்வார். கரவொலியும் எழும். அலுவலகக் குழுக்களில் 'பெண் உறுப்பினர் ஒருவர்' என்னும் கட்டத்தை நிரப்பி ஒப்பமிடுவதற்கும் இதற்கும் நாம் வேறுபாடு காணவில்லை.

அப்பட்டியலில் தவறாது இடம்பெறுபவர், 2014இல் மறைந்த ராஜம் கிருஷ்ணன். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். தமிழில் அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி. அவருக்குப் பின் லட்சுமி (1984), திலகவதி (2005), அம்பை (2021) ஆகியோர் பெற்றனர். 1955 முதல் 2024 முடியத் தமிழில் விருது பெற்ற பெண்கள் இந்நால்வரே.

விருது கிடக்கட்டும். படைப்பை யார் ஆராய்ந்தனர்? அவருடைய 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. கொதிக்கும் வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் உழைப்பும், அவள் கூலியும், மேற்பார்ப்போரின் கண்ணுக்கு அவள் அஞ்சும் அச்சமும் அதில் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளன. பெண் சிக்கல் என ஒன்றும் தொழிலாளர் சிக்கல் என வேறொன்றும் அங்கே இல்லை. நெசவாளர் வாழ்வைக் கூறும் ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) நாவலின் அருகே வைத்து நோக்க வேண்டிய நூல் அது. மாதர் இலக்கியம் என்னும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்குரியதன்று.

குறையும் உண்டு. நேரிற் சென்று திரட்டிய செய்திகள் சிலவிடங்களில் கதையை மீறி நிற்கின்றன. மாந்தர் தம் வாழ்வைப் பேசுவதை விடுத்து ஆசிரியரின் குறிப்பேட்டைப் பேசுகின்றனர். இதனை வெளிப்படையாகக் கூற நம்மவர் தயங்குகின்றனர். கேட்டால் பெண்மைக்குக் காட்டும் மரியாதை என்பர். ரகுநாதனுக்குக் காட்டாத மரியாதை இவருக்கு ஏன்? வாதிடத் தக்கவராகக் கருதாமையே அம்மரியாதையின் உட்பொருள் என நாம் ஐயுறுகிறோம்.

கீழத்தஞ்சை உழவுத் தொழிலாளரைத் திரட்டிய மணலூர் மணியம்மாளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கைம்பெண்ணாயிருந்து, முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் தரித்துச் சேரிகளுக்குச் சென்ற அவ்வம்மையாரின் வாழ்வை ஊர் ஊராகத் தேடி, 'பாதையில் பதிந்த அடிகள்' என நாவலாக்கியவரும் இவரே. ஒற்றை வரியில் அடங்கிய பெண்ணை மீட்டவரையே நாம் ஒற்றை வரியில் அடக்கிவிட்டோம்!

அடுத்த இலக்கியக் கூட்டத்தில் 'கரிப்பு மணிகள்' ஒன்றையே எடுத்துக்கொண்டு மாலை முழுதும் வாதிடலாமே. சங்க நூலகத்தில் ஒரு படி உள்ளது.