சோக்கிரட்டீஸும் சட்டமும்

கி. மு. 399ஆம் ஆண்டில், எழுபது வயதினரான சோக்கிரட்டீஸ் ஏதென்ஸ் நகர நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டார். நகரம் வழிபடும் தெய்வங்களை ஏற்றிலர், இளைஞரைக் கெடுத்தனர் என்பன அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். நூலெதுவும் எழுதாத அப்பெரியாரின் இறுதி நாட்களை, மாணவர் பிளேற்றோ இயற்றிய உரையாடல்கள் வாயிலாகவே உலகம் பெரிதும் அறிகின்றது.

அவற்றுள் 'அப்பொலொஜி' எனப்படும் எதிர்வாதவுரையையும் 'கிரிற்றோ'வையும் அடுத்தடுத்துக் கற்பார்க்கு ஓர் ஐயம் எழும். முன்னையதில், மெய்யறிவு நாட்டத்தைக் கைவிடின் விடுதலை உண்டென மன்றம் கூறினும் தாம் இணங்கப்போவதில்லை என்கின்றார். பின்னையதில், சிறையினின்றும் தப்புமாறு நண்பர் கிரிற்றோ வேண்டவும், சட்டத்தை மீறுதல் தகாதென மறுக்கின்றார். இது முரணன்றோ?

'கிரிற்றோ'வில் சட்டங்களே உருவெடுத்துப் பேசுகின்றன. குடிமகன் நியாயங் கூறி நகரத்தை இணங்கச் செய்தல் வேண்டும். இயலாதாயின் பணிதல் வேண்டும் என்பது அவற்றின் வாதம். இப்பகுதியை மட்டும் நோக்குவோர், அரசாணை எதற்கும் தலைவணங்கியவர் சோக்கிரட்டீஸ் என முடிவு செய்வர். அவர் வாழ்க்கையோ அம்முடிவை மறுக்கின்றது. கி. மு. 406இல், தளபதிகள் பலரை ஒருங்கே விசாரித்துத் தண்டிக்கும் முறையற்ற பிரேரணையை அவர் எதிர்த்து நின்றார். பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மர், சலாமிஸைச் சேர்ந்த லெயோனைக் கொல்வதற்காகப் பிடித்து வருமாறு ஐவரை ஏவினர். நால்வர் சென்றனர், சோக்கிரட்டீஸ் வீடு திரும்பினார்.

ஐயத்தைத் தீர்க்கும் கருத்து 'கிரிற்றோ'வின் முற்பகுதியிலேயே உளது. தீங்கிழைக்கப்பட்டவனும் தீங்கிழைத்தல் ஆகாது என்பதே அது. அநீதியைச் செய்யுமாறு ஏவும் ஆணை வேறு. அநீதியைத் தாங்குமாறு விதிக்கும் தீர்ப்பு வேறு. முன்னதை மறுத்தவர் பின்னதை ஏற்றார். மறுத்தபோதும் ஏற்றபோதும் அவர் செயல் வெளிப்படையாயிருந்தது. தப்பியோடுதலோ மறைவில் நிகழ்வது.

எனினும், அநீதியைச் செய்யப் பணிக்கும் சட்டத்தின்முன் குடிமகன் யாது செய்வான் என்னும் வினாவிற்குச் சட்டங்களின் உரையில் தெளிவான விடையில்லை. இஃது அவ்வுரையாடலின் குறையே. அக்குறையை நிரப்புவது எதிர்வாதவுரை கூறும் லெயோன் நிகழ்ச்சி. ஆகலின் 'கிரிற்றோ'வைத் தனித்துக் கற்பவன் அடங்கிய குடிமகன் ஒருவனையே காண்பான். இரண்டையும் இணைத்துக் கற்பவனுக்கே, வெறும் பணிவினால் அன்றி, அநீதி செய்யாமை என்னும் உறுதியினாலேயே நச்சுக் கிண்ணத்தை ஏந்திய சோக்கிரட்டீஸ் புலப்படுவார்.