ஒளிபரப்பின் ஓரவஞ்சனை

கொடுப்பவனைப் பாடுவதும் கொடாதவனை மறப்பதும் பழைய காலத்துப் புலவர் சிலரின் வழக்கம். அரசர்கள் போனார்கள், அவ்வழக்கம் போனபாடில்லை. இக்காலத்தில் அது தொலைக்காட்சி என்னும் புதிய மாளிகையிற் குடிபுகுந்திருக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், நாடு முழுவதற்கும் பொதுவாக ஒளிபரப்பப்படும் பேஸ்பால் ஆட்டங்களைச் சில பருவங்கள் தொடர்ந்து கவனித்து வருவார்க்கு இவ்வுண்மை விளங்காமற் போகாது. முப்பது குழுக்கள் ஆடும் அவ்வாட்டத்தில் மீண்டும் மீண்டும் நாட்டின் முன் நிறுத்தப்படுபவை நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், சிகாகோ கப்ஸ் முதலிய சில குழுக்களே. பிட்ஸ்பர்க், கன்சாஸ் சிட்டி, மில்வாக்கி, சின்சினாட்டி முதலிய ஊர்களின் குழுக்கள், வென்றாலும் தோற்றாலும், பெரும்பாலும் தத்தம் ஊராரின் கண்களுக்கு மட்டுமே உரியனவாய்க் கிடக்கின்றன.

அயல்நாட்டு விளையாட்டொன்றைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஆட்டத்தை வருணிப்பதும் கதை சொல்வதேயாகும். யாரைத் தலைவனாக்குவது, யாரைத் துணைப் பாத்திரமாக்குவது, யாரை மேடைக்கே ஏற்றாமல் விடுவது என்பனவற்றைக் கதை சொல்லுகின்றவனே தீர்மானிக்கின்றான். ஆகவே, ஒரு காவியத்தை ஆராய்வது போல அவன் செய்யும் தீர்மானங்களை ஆராய்வதிற் குற்றமில்லை.

பேஸ்பால் குழு ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். அநேகமாக நாள் தவறாமல் ஆட்டம் நடைபெறும். இத்தனையையும் நாடு முழுவதும் பார்ப்பதென்பது நடவாத காரியம். ஆதலின் பெரும்பாலான ஆட்டங்களை அந்தந்த வட்டாரத்து நிலையங்களே காட்டும். மிகச் சிலவே நாட்டுக்குப் பொதுவாகக் காட்டப்படும். அச்சில ஆட்டங்களில் யாருக்கு இடம் என்பதே வழக்கு. 1990-ம் ஆண்டு முதல் 2025-ம் ஆண்டு வரை ஞாயிறு இரவு ஆட்டம் ஈ.எஸ்.பி.என். நிலையத்தாரிடம் இருந்தது, 2026-ம் பருவம் முதல் அது என்.பி.சி. நிலையத்தாருக்கு உரியதாயிற்று. அந்த ஞாயிறு இரவுகளில் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் மோதிக்கொள்வதைக் கண்டு கண்டு சலித்தவர்கள் அந்நாட்டிற் பலர் உண்டு.

இப்பழக்கம் எங்கே தொடங்கிற்று? தொலைக்காட்சி பிறந்து தவழ்ந்த தொட்டிலே நியூயார்க் நகரந்தான். பெருங்குழுக்களின் ஆட்டம் முதன்முதலாகத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது 1939-ம் ஆண்டு ஆகஸ்ட் 26-ந் தேதி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த எபெட்ஸ் மைதானத்தில். உலகத் தொடர் என்று அவர்கள் அழைக்கும் இறுதிப் போட்டி முதன்முறையாகக் காட்டப்பட்டது 1947-ம் ஆண்டில். அதில் ஆடிய யாங்கீஸும் டாட்ஜர்ஸும் அன்று அந்நகரத்தாரே. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஆட்டம் நேரடியாகத் தெரிந்தது 1951-ம் ஆண்டில். அப்போதும் மோதியவை அந்நகரத்தின் இரு குழுக்களே. 1949 முதல் 1958 வரை பத்தாண்டுகளிலும் இறுதித் தொடரில் நியூயார்க் குழு ஒன்றேனும் இல்லாத ஆண்டு இல்லை. அக்காலத்தில் அக்குழுக்கள் மெய்யாகவே வலிமை பெற்றிருந்தன. வலியாரைக் காட்டியதைப் பிழையென்று யாரும் சொல்லார். வலிமை குன்றிய பின்னரும் அதே முகங்களைக் காட்டுவதுதான் பிழை.

இங்கே ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். 1964-ம் ஆண்டில் சி.பி.எஸ். என்னும் ஒளிபரப்பு நிறுவனம் யாங்கீஸ் குழுவையே விலைக்கு வாங்கிற்று. பாடும் புலவன் அரசனை விலை பேசியது போன்ற கதை இது! பலன் யாதெனின், 1966-ம் ஆண்டில் யாங்கீஸ் பத்துக் குழுக்களுள் பத்தாவதாய் நின்றது. 1973-ம் ஆண்டில் சி.பி.எஸ். அதனை விற்றுக் கைகழுவிற்று.

இனி, நிலையத்தார் சொல்லும் சமாதானத்தைக் கேட்போம். 'மக்கள் விரும்புவதையே நாங்கள் காட்டுகிறோம். பெருநகரத்தில் மக்கள் அதிகம். கணக்கைப் பாருங்கள்' என்பது அவர்கள் வாதம். கணக்கு அவர்கள் பக்கந்தான் பேசுகின்றது. 2023-ம் ஆண்டில் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸும் அரிசோனா டயமண்ட்பேக்ஸும் ஆடிய உலகத் தொடரை அமெரிக்காவில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 91 இலட்சம் பேரே கண்டனர். அதுவரை பதிவான எண்ணிக்கைகளுள் அதுவே மிகக் குறைவு. மறு ஆண்டில் டாட்ஜர்ஸும் யாங்கீஸும் ஆடியபோது ஒரு கோடியே 58 இலட்சம் பேர் கண்டனர்.

ஆயினும் இக்கணக்கைச் சற்று உரசிப் பார்த்தல் வேண்டும். ரேஞ்சர்ஸ் குழுவின் இருப்பிடமான டாலஸ் வட்டாரம் அந்நாட்டின் மிகப் பெரிய நகர்ப்புறங்களுள் ஒன்று. டயமண்ட்பேக்ஸின் பீனிக்ஸும் சிற்றூரன்று. மக்கள் தொகைதான் காரணமென்றால் அத்தொடர் அவ்வளவு வாடியிருக்க வேண்டியதில்லை. குறைந்தது ஜனங்களன்று, அறிமுகம். ஆறு மாத காலம் ஒரு குழுவின் பெயரையும் நாட்டுக்குச் சொல்லாதிருந்துவிட்டு, இறுதி வாரத்தில் திடீரென மேடையேற்றி, 'இவர்களை ஒருவரும் பார்க்கவில்லையே' என்று வியப்பது என்ன நியாயம்? குழந்தைக்கு ஒரே பண்டத்தை ஊட்டி வளர்த்தவள், பிறகு 'என் பிள்ளைக்கு வேறொன்றும் பிடிக்காது' என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுவது போன்றதே இது.

இதற்குக் கன்சாஸ் சிட்டியைக் காட்டிலும் நல்ல சாட்சி இல்லை. அந்நகரில் இரு விளையாட்டரங்குகள் ஒரே வாகனத் திடலைப் பங்கிட்டுக்கொண்டு அருகருகே நிற்கின்றன. ஒன்றில் ராயல்ஸ் என்னும் பேஸ்பால் குழு ஆடிவருகின்றது. மற்றொன்றில் சீப்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்துக் குழு. ஊர் ஒன்று, மக்கள் ஒருவர், தட்பவெப்பமும் ஒன்று. ஆயினும் சீப்ஸ் வெற்றி பெறத் தொடங்கியபின் நாடு முழுவதும் அக்குழுவின் சட்டையை அணிந்துகொண்டது. ராயல்ஸ் 2014-ம் ஆண்டில், 29 ஆண்டுகளுக்குப் பின், உலகத் தொடரை எட்டி ஏழாம் ஆட்டத்தில் தோற்றது; 2015-ம் ஆண்டில் நியூயார்க் மெட்ஸை ஐந்தே ஆட்டங்களில் வீழ்த்திப் பட்டம் வென்றது. ஆனால் சீப்ஸுக்குக் கிடைத்த நாடளாவிய புகழில் ஒரு கூறும் அதற்கு நிலைக்கவில்லை. கால்பந்துச் சங்கத்தார் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் துணையால் எல்லாக் குழுக்களின் ஒளிபரப்பு உரிமையையும் ஒன்றாகக் கூட்டி விற்றுப் பணத்தைச் சமமாகப் பங்கிட்டுக் கொள்கின்றனர். அதனாலேயே ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்களே வாழும் கிரீன் பே நகரின் குழு நியூயார்க்குக்கு நிகராக நிற்கின்றது. பேஸ்பாலிலோ நாடளாவிய ஒப்பந்தப் பணமே சமமாகப் பங்கிடப்படும். வட்டார நிலையங்கள் தரும் பெரும்பணத்தில் ஒரு பகுதி பொதுவுக்குப் போக, மிச்சம் அந்தந்தக் குழுவின் பெட்டிக்கே போகும். கால்பந்துக் குழுவுக்குப் பருவத்தில் 17 ஆட்டங்களே என்பதையும் மறைக்கலாகாது. 162 ஆட்டங்களை அவ்வாறு கூட்டிக் கட்டுவது எளிதன்று. எளிதன்று என்பதற்காக நூறில் ஒரு பங்கும் முயலாதிருக்க வேண்டுமா?

கன்சாஸ் சிட்டிக்கு இது பழைய துயரம். ராயல்ஸ் தோன்றுமுன் அவ்வூரில் அத்லெடிக்ஸ் என்னும் குழு இருந்தது. அதன் உடைமையாளர் யாங்கீஸ் உடைமையாளர்க்கு நண்பர். ரோஜர் மாரிஸ் என்னும் இளைஞர் 1959-ம் ஆண்டு டிசம்பரில் அங்கிருந்து நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். 1961-ம் ஆண்டில் 61 ஹோம் ரன்கள் அடித்து உலகப் புகழ் எய்தினார். நாற்றங்கால் ஓரிடம், அறுவடை ஓரிடம்.

ஆனால் இவையெல்லாம் பணக்கணக்கு. கதை சொல்லுபவனின் ஓரவஞ்சனையால் ஒரு மனிதனுக்கு நேரும் கேடு யாதென்று காணவேண்டுமாயின் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் வரலாற்றைக் காணல் வேண்டும்.

அவர் போர்ட்டோ ரிக்கோத் தீவில் 1934-ம் ஆண்டில் பிறந்த கறுப்பர், தாய்மொழி ஸ்பானியம். 1955-ம் ஆண்டு முதல் பிட்ஸ்பர்க் குழுவில் ஆடினார். பந்தடிப்பில் நான்கு முறை தம் பிரிவின் முதலிடம் பெற்றவர். பந்து பிடிப்பதிலும் எறிவதிலும் அவர்க்கு இணையானவர் மிகச் சிலர். அப்படிப்பட்டவரை அன்றைய செய்தித்தாள்கள் எவ்வாறு நடத்தின? ரொபெர்ட்டோ என்ற பெயரை 'பாப்' என்று வெட்டிக் குறைத்தன. அவர் பேசிய ஆங்கிலத்தை அவர் உச்சரித்தபடியே எழுத்துக்கூட்டி அச்சிட்டு நகைத்தன. கற்றோரென்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் செய்த காரியம் இது! 1960-ம் ஆண்டில் பிட்ஸ்பர்க், யாங்கீஸை வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது; ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்டே பந்தை அடித்து இடம் பெற்றார். ஆயினும் அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று பத்திரிகையாளர் வாக்களித்தபோது அவர்க்குக் கிடைத்தது எட்டாம் இடம். அப்புண் அவர் உள்ளத்தில் ஆறவேயில்லை. நியூயார்க்கில் ஆடியோர்க்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கேனும் பிட்ஸ்பர்க்கில் ஆடுபவனுக்குக் கிட்டுவதில்லை என்பது அவரது நெடுநாள் முறையீடு. முறையிட்டதற்கும், 'இவன் எப்போதும் குறை சொல்பவன்' என்ற பட்டமே கிடைத்தது.

பின்னர் 1971-ம் ஆண்டு வந்தது. கிளெமென்டேக்கு வயது 37. பெருங்குழுவில் அவர்க்கு அது பதினேழாம் பருவம். அவ்வாண்டு உலகத் தொடரில் நான்காம் ஆட்டம் பிட்ஸ்பர்க்கில் இரவில் நடைபெற்றது. உலகத் தொடரில் இரவு ஆட்டம் என்பது அதுவே முதல். அதுகாறும் பகலில் நடந்தமையால், ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே காண வழியில்லாதிருந்தது. நிலையத்தார் அதனை இரவுக்கு மாற்றியது உழைப்பாளியின்மேல் உள்ள அன்பினாலன்று, எண்ணிக்கை கூடும் என்பதனாலேயே. எதனால் ஆயினும் ஆகுக, கதவு திறந்தது. நாடு முழுவதும் கிளெமென்டேயை அத்தொடரில் கண்ணாரக் கண்டது. ஏழு ஆட்டங்களிலும் அவர் பந்தை அடித்தார். பால்டிமோரில் நடந்த ஏழாம் ஆட்டத்தில் ஹோம் ரன் ஒன்றும் அடித்தார். பிட்ஸ்பர்க் 2-1 என்ற கணக்கில் வென்றது. பதினேழு ஆண்டு மறைந்திருந்த திறமை ஏழு ஆட்டங்களில் வெளிப்பட்டது என்று அன்று பலர் வியந்தனர். திறமை ஒருநாளும் மறைந்திருந்ததில்லை. திரை போட்டிருந்தவர்கள் திரையை எடுத்தார்கள், அவ்வளவே.

வெற்றி பெற்றபின் ஒலிபெருக்கி அவர்முன் நீட்டப்பட்டபோது அவர் செய்த காரியம் எக்காலத்தும் நினைக்கத் தக்கது. ஆங்கிலத்திற் பேசுமுன், தம் தாய்மொழியில், தீவிலிருந்த தம் பெற்றோரை விளித்து ஆசி வேண்டினார். தம் உச்சரிப்பைக் கேலி செய்த நாட்டின் நடுவில் நின்று பேசிய பேச்சு அது. அதற்கு அடுத்த ஆண்டு, டிசம்பர் 31-ந் தேதி, நிலநடுக்கத்தால் அழிந்த நிகராகுவா மக்களுக்கு உதவிப் பொருள்களை ஏற்றிச் சென்ற விமானம் கடலில் வீழ்ந்து அவர் மாண்டார். 1971-ம் ஆண்டில் பிட்ஸ்பர்க் இறுதித் தொடரை எட்டாதிருந்தால், அம்மனிதரின் ஆட்டத்தை நாடு முழுமையாகக் காணாமலே போயிருக்கும். மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பின் தலைவனைப் பாடக் கபிலர் ஒருவர் நம்மிடையே இருந்தார். பிட்ஸ்பர்க்குக்கு அத்தகையோர் வாய்க்கவில்லை.

இன்றோ கேலி அடங்கிவிட்டது, கண்ணோட்டம் மாறவில்லை. பிட்ஸ்பர்க்கில் இப்பொழுது பால் ஸ்கீன்ஸ் என்னும் இளம் பந்துவீச்சாளர் இருக்கின்றார். 2025-ம் ஆண்டில், தம் குழு தன் பிரிவிற் கடைசியாய் நின்றபோதும், சிறந்த பந்துவீச்சாளர்க்குரிய சை யங் பரிசை வாக்குகள் அனைத்தும் பெற்று அவர் அடைந்தார். அவரைக் குறித்து நாடளாவிய வருணனையாளர் அடிக்கடி எழுப்பும் கேள்வி, 'இவர் எப்போது பெருநகரக் குழுவுக்குச் செல்வார்?' என்பதே. ஒருவன் தன் ஊரில் இருந்துகொண்டே பெரியவனாக இருத்தல் கூடும் என்னும் எண்ணமே அவர்கட்குத் தோன்றுவதில்லை போலும். ஆட்டத்தின் நடுவிலும் இதே போக்குத்தான். சிறு நகரக் குழு முன்னணியில் நிற்கும். பேச்சோ பெருநகரக் குழுவின் ஆட்டக்காரர் ஒருவரின் முழங்கை வலியைப் பற்றியிருக்கும். சிறியவர் வென்றால் 'அதிர்ச்சி', பெரியவர் வென்றால் 'மீட்சி' என்று இரு சொற்களை எப்போதும் கையில் வைத்திருக்கின்றனர்.

சொந்தக் குழுவைக் காணப் பணங்கொடுத்துச் சந்தா சேர்வோர்க்கும் நெடுங்காலம் நிம்மதியில்லை. அயோவா மாநிலத்திற் பெருங்குழு ஒன்றும் இல்லை. ஆயினும் சுற்றுப்புற நகரங்களின் ஆறு குழுக்கள் அம்மாநிலத்தைத் தத்தம் வட்டாரமென்று உரிமை பாராட்டியதால், இணையவழிச் சந்தாதாரர்க்கு அந்த ஆறு குழுக்களின் ஆட்டமும் மறைக்கப்பட்டது. அருகிலுள்ளதைக் காண முடியாது. தொலைவிலுள்ள நியூயார்க்கைக் காணலாம்! வட்டார நிலையங்கள் பலவற்றை நடத்திய டயமண்ட் நிறுவனம் 2023-ம் ஆண்டில் திவாலானபின் இத்தடை சில இடங்களில் தளர்ந்திருக்கின்றது.

நாடளாவிய ஒப்பந்தங்கள் 2028-ம் பருவத்தோடு முடிவுறுகின்றன. அதன்பின் முப்பது குழுக்களின் உரிமைகளையும் கூட்டி விற்க விரும்புவதாகச் சங்கத் தலைவர் ராப் மான்பிரெட் கூறிவருகின்றார். அதற்குப் பெருநகரத்தார் இசையவேண்டும். யாங்கீஸுக்கு 2002-ம் ஆண்டு முதல் சொந்த நிலையமே உண்டு. டாட்ஜர்ஸோ 835 கோடி டாலர் என்று செய்தி வெளியான 25 ஆண்டு ஒப்பந்தமொன்றைக் கையில் வைத்திருக்கின்றது. அது 2038-ம் ஆண்டு வரை செல்லும்.