கேட்டுச் செய்வித்த பூ

கேட்டதற்குச் செய்து தருவது கலையாகாது என்பது நம் வட்டத்தில் ஏறக்குறைய மதநம்பிக்கை. தொடர்கதைக்காரர்களைச் சாட நானும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

அஸ்தினாபுரத்தில் என் வீட்டெதிரே காலி மனையில் வெள்ளெருக்கு மண்டிக் கிடக்கிறது. அதில் ஒரு கிளையைத் தஞ்சாவூர் நெட்டிக் கலைஞர் ஒருவரிடம் செய்யச் சொன்னேன். நெட்டி நீர்நிலைகளில் வளரும் செடி. அதன் தண்டிலுள்ள வெண்மையான சோற்றைச் சீவி ஒட்டிப் பெரிய கோயிலும் பிள்ளையாரும் செய்கிறார்கள். 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. செடியைக் கொண்டே செடியைச் செய்வது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் கேட்டார்: "எருக்கு எனக்குத் தெரியும் சார். உங்க கிளை எப்படி இருக்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை. எத்தனையோ கவிதைகளில் 'பார்வை இல்லை' என்று எழுதியவன் நான்.

ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு அருகே வாழ்ந்த லியோபோல்ட் பிளாஷ்கா, மகன் ருடால்ஃப் இருவரின் கண்ணாடிச் செடிகள் நினைவுக்கு வந்தன. ஹார்வர்டின் தாவரவியல் பேராசிரியர் குடேல் பாடம் நடத்துவதற்காகக் கேட்டவை அவை. பணம் வேர் குடும்பத்துத் தாயும் மகளும் தந்தது. 1890இல் பத்தாண்டு ஒப்பந்தம். வேறு யாருக்கும் எதுவும் செய்யக்கூடாது. நம் கணக்கில் இது அடிமைச் சாசனம். தந்தை 1895இல் இறந்தார். மகன் 1936 வரை தொடர்ந்தார். ஏறத்தாழ 780 இனங்கள், 4,300 மாதிரிகள். கேட்டவருக்குச் சூலகத்தின் குறுக்குவெட்டு வரை என்ன வேண்டுமென்று தெரிந்திருந்தது. அந்தக் கறார்தான் கைக்கு வேலை கொடுத்தது. 1924க்குப் பிறகு ருடால்ஃப் செய்தவற்றில் பூஞ்சை பிடித்து அழுகும் பழங்கள் உண்டு. அவையும் பாட மாதிரிகள்தான். ஆனால் அழகுக்காக மட்டும் கேட்பவன் எவனும் அழுகலைக் கேட்கமாட்டான்.

ஆகவே கெடுப்பது கேட்பதல்ல, பாராமல் கேட்பது. 'ஏதாவது நல்லதாக' என்று பத்திரிகை கேட்கிறது. 'தீவிரமாக' என்று நாம் கேட்கிறோம். இரண்டும் ஒரே சோம்பல்.

மறுநாள் காலை மனையில் போய் நின்றேன். இலைகள் ஜோடி ஜோடியாக ஏறுகின்றன; ஒவ்வொரு ஜோடியும் கீழுள்ளதற்குக் குறுக்காக. காம்பு இல்லையென்றே சொல்லலாம். ஓர் இலையைப் புழு பாதி தின்றிருந்தது. அதையும் எழுதி அனுப்பினேன்.

செய்து வந்ததில் பூக்கள் கொலுப் பொம்மையின் பூக்கள்தான். ஐந்து இதழும் ஒரே மாதிரி. எருக்கிலையின் கனமும் நெட்டியில் வரவில்லை. ஆனால் புழு தின்ற அந்த இலையில், விளிம்பு ஒழுங்கில்லாமல் அரிக்கப்பட்ட இடத்தில், அவருடைய கத்தி தயங்கியிருப்பது தெரிகிறது. பழகிய கை அங்கே செல்லுபடியாகவில்லை, பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. அந்த ஓர் இலையைச் சிற்பம் என்பேன்.